இரண்டு கீழ்க்கோடுகள்

அக்கா எங்கள் கந்தோரில் வேலைக்கு வந்த முதல் நாள், அவர் நடந்து வரும் வழியில் இருந்த கதிரைகளை எல்லாம் நான் இழுத்துச் சுவரோரம் தள்ளினேன். பின்னேரம் கூட்டித் துடைக்க வந்த துப்புரவுக்கார அம்மா வழக்கம்போல எல்லாவற்றையும் பழைய இடங்களில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் காலை அக்கா வழியை நினைவு வைத்து நேரே நடந்து வந்தார். முழங்கால் போய்க் கதிரையில் இடித்தது.

"ஆர் இதை மாத்தினது?"

"நேற்று நான்தான் அக்கா தள்ளி வைச்சனான். உங்களுக்கு வசதியா இருக்கட்டும் எண்டு."

"கதிரை எங்க இருந்தாலும் எனக்குப் பரவாயில்லை. இருக்கிற இடத்திலயே இருந்தாச் சரி."

கோபமாகச் சொல்லவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தார். எனக்குத்தான் முகம் சுட்டது.

என்னைவிட ஆறேழு வயது மூத்தவர் என்பதால்தான் அவரை அக்கா என்றேன். அவருடைய ஊர், மன்னார்க் கரையோரத்து அரிப்பு. வீட்டில் எல்லோரும் கடலை நம்பிப் பிழைப்பவர்கள். பள்ளிக்கூடம் முடிக்கும் வயதில் கண்ணில் அழுத்தம் கூடத் தொடங்கி, கம்பஸில் பட்டப்படிப்பு முடிக்கும்போது பார்வை முழுதாகப் போய்விட்டது. வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் தெரியும். தினமும் காலையில் அவருடைய தம்பி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். தம்பி கடல்தொழிலுக்குப் போகும் நாட்களில் பஸ்ஸில் வருவார்.

என் ஊர் நறுவிலிக்குளம். அப்பா வயல் செய்கிறார். கொழும்பில் மூன்று வருடம் வேலை செய்து களைத்துப்போய், அந்த நிறுவனம் மன்னாரிலேயே ஒரு கிளை திறக்கிறது என்று கேள்விப்பட்டதும் இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவள். கிளை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மருந்துக் கடையின் மேல்மாடி. அதில் நாங்கள் நான்கு பேர். மற்ற இருவரும் அநேகமாக வெளியில் திரிவார்கள். அறையில் இருப்பது நானும் அக்காவும்தான்.

நாங்கள் செய்வது மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் ஒரு சின்னப் பெட்டி. படகு எங்கே நிற்கிறது என்று கரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தப் பெட்டிக்குள் ஓடும் இயங்குதளத்தில் நினைவகத்தைப் பார்த்துக்கொள்ளும் பகுதி என் பொறுப்பு. பெட்டியில் நினைவகம் மிகவும் கொஞ்சம். அதைப் பக்கம் பக்கமாகப் பிரித்துவைத்து, கேட்கும் வேலைகளுக்குக் கொடுத்து, முடிந்ததும் திரும்ப வாங்கவேண்டும். கொடுத்ததை மறந்தால் பெட்டி மூச்சடைத்துப்போகும். ஒரே பக்கத்தை இரண்டு பேருக்குக் கொடுத்தால் இன்னும் மோசம். அந்தப் பகுதியில் எனக்கு உதவிக்குத்தான் அக்காவை எடுத்திருந்தார்கள்.

இந்த வேலையில் பாதி, பெயர் வைப்பது. நினைவகத்தைத் தொடும் ஒவ்வொரு சின்னச் செயலுக்கும் ஒரு பெயர் வேண்டும். ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்வது 'கெட்'. பிடியை விடுவது 'புட்'. அடியோடு திருப்பிக் கொடுப்பது 'ஃப்ரீ'. உலகத்தில் பெரிய பெரிய இயங்குதளங்களை எழுதியவர்கள் காலங்காலமாகப் பழகிவந்த முறைகள் இவை. நாங்களும் அதையே பின்பற்றினோம். நான் அந்த விதிகளை எல்லாம் ஒரு தாளில் அழகாக அச்சிட்டு, பிளாஸ்டிக் உறை போட்டு, கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தேன். கொழும்பிலிருந்து வருபவர்கள் பார்த்துவிட்டு மெச்சுவார்கள்.

அக்கா ஹெட்போனைப் போட்டுக்கொண்டு வேலை செய்வார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று அவருடைய கணினியில் இருந்தது. முதல் கிழமையில் ஒரு நாள், ஆசைக்கு நானும் வாங்கிக் கேட்டேன். தகரக் கூரையில் கல்மழை கொட்டுவதுபோல இருந்தது. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

"இதை எப்பிடி அக்கா விளங்கிக்கொள்ளுறீங்கள்?"

"பழக்கம்தான். ஆறுதலா, மெதுவாக் கேட்டால் எனக்கு நித்திரை வரும்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்த நாள் அவர் ஒரு கோப்பைத் திறந்ததும், நான் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு வரி வரியாக வாசிக்கத் தொடங்கினேன். ஐந்தாறு வரி வரை பொறுத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீங்கள் மூண்டாவது வரியில நிக்கிறீங்கள். நான் கோப்பை முடிச்சிட்டன். உங்கட வேலையைப் பாருங்கோ."

அதற்குப் பிறகு நான் வாசிக்கப் போகவில்லை. இரண்டு மாதத்துக்குள் அவர் எழுதும் கோவையை, அதாவது நிரலை, நான் சரிபார்த்துக் கையொப்பம் வைப்பதும், நான் எழுதுவதை அவர் பார்ப்பதும் என்று வேலை ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டது. அவருடைய கோவை சுத்தமாக இருக்கும். மதியச் சாப்பாட்டை ஒன்றாகச் சாப்பிட்டோம். சாப்பிடும்போது சிரித்துச் சிரித்து அவர் சொல்லும் கதைகளைக் கேட்கவே எனக்குப் பன்னிரண்டு மணி எப்போது வரும் என்றிருக்கும்.

புதிய பெட்டியைக் கடலில் சோதிக்கவேண்டி வந்தபோது, அக்காவின் தம்பிதான் தன் படகைத் தருவதாகச் சொன்னார். எங்களுக்கும் வசதியாகப் போயிற்று. தம்பி விடியப் புறப்படுவார். கொஞ்சத் தூரம் போனதும் சிக்னல் இல்லாமல் போகும். பெட்டி அதுவரை போன இடங்களை எல்லாம் உள்ளே சேர்த்து வைத்திருந்து, அவர் திரும்பும்போது சிக்னல் கிடைத்ததும் ஒரேயடியாக அனுப்பும். ஒன்பது மணிபோல எங்கள் திரையில் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். நான் "வந்திட்டார்" என்பேன். அக்கா "ஓம்" என்பார். அவ்வளவுதான்.

அக்கா எழுதிய ஒரு மாற்றத்தை நான் சரிபார்த்துப் பெட்டியில் ஏற்றிய கிழமை அது. நினைவகம் குறையும்போது பழைய பக்கங்களைத் தேடிப்பிடித்துக் காலியாக்கும் பகுதி. மேசையில் வைத்து எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்தோம். நன்றாக ஓடியது.

அன்றைக்குத் தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று கொஞ்சம் பலமாக இருந்தது. ஒன்பது மணிக்குப் புள்ளி வரவில்லை. ஒன்பதரைக்கும் வரவில்லை. கடைசிப் புள்ளி காலையில் சிக்னல் விட்டுப்போன இடத்திலேயே நின்றது.

"இன்னும் வரேல்லையோ?" என்று அக்கா கேட்டார்.

"இல்லை. மீன் கூடப் பட்டிருக்கும்."

பத்து மணிக்கு அவர் தம்பியின் போனுக்கு எடுத்தார். தொடர்பு கிடைக்கவில்லை. ஊருக்கு எடுத்தார். கூடப்போன மற்றப் படகுகள் இரண்டு வந்துவிட்டன என்றும், தம்பியை அவர்கள் காணவில்லை என்றும் அக்காவின் அம்மா சொன்னது எனக்கும் கேட்டது. அக்கா போனை மேசையில் வைத்தார். கைப்பையிலிருந்து செபமாலையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். ஹெட்போனைக் கழற்றவில்லை. அதில் எதுவும் ஓடவும் இல்லை.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் புள்ளி அசையாதா என்று பார்ப்பது எனக்கு ஒரு வேலையாக இருந்தது. அக்காவுக்கு அதுவும் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, "பிள்ளை?" என்பார். நான் "இன்னும் இல்லை அக்கா" என்பேன். கடைசியில் நான் எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். மணிகள் என் விரலில் அழுத்தின.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன் போன் அடித்தது. தம்பி கரையில் நின்று பேசினார். எஞ்சினில் சின்னக் கோளாறு, ஒதுங்கி நின்று திருத்திக்கொண்டு வந்தேன், போன் தண்ணீர் பட்டு நின்றுவிட்டது, இது வேறு ஒருவரின் போன் என்றார்.

"உங்கட பெட்டி செத்துப்போச்சு அக்கா. லைட் பத்துது, அசையிதில்லை. நான் சாகேல்லை, பயப்படாதேங்கோ."

அக்கா போனை வைத்துவிட்டு, குனிந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். பிறகு இருவரும் கீழே போய்த் தேத்தண்ணி குடித்தோம்.

பெட்டி பின்னேரமே எங்கள் மேல்மாடிக் கந்தோருக்கு வந்துவிட்டது. மூன்று நாள் தேடினேன். தானாகத் திரும்பத் தொடங்கும் வசதியைச் சோதனைக்காக நாங்கள் நிறுத்தி வைத்திருந்ததால், பெட்டி நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. எங்கே நின்றது என்று பார்க்க முடிந்தது.

நின்ற இடம், அக்காவின் மாற்றம்.

நினைவகப் பக்கங்களின் பட்டியலை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் கையாளாமல் இருக்க, தொடுவதற்கு முன் ஒரு பூட்டுப் போடவேண்டும். ஒவ்வொரு செயலும் எங்கள் கோவையில் இரண்டு வடிவத்தில் இருந்தது. சும்மா பெயருள்ளது தானே பூட்டைப் போட்டுக்கொள்ளும். பெயருக்கு முன்னால் இரண்டு கீழ்க்கோடு, அதாவது அண்டர்ஸ்கோர், உள்ளது பூட்டுப் போடாது. 'கூப்பிடுகிறவர் ஏற்கெனவே போட்டிருக்கவேண்டும்' என்பது அந்தக் கோடுகளின் பொருள். பெயரில் மற்ற எழுத்துகள் எல்லாம் ஒன்றுதான். அக்கா பூட்டைப் போட்டுக்கொண்டு, கோடு உள்ளதைக் கூப்பிடவேண்டிய இடத்தில் கோடு இல்லாததைக் கூப்பிட்டிருந்தார். அது திரும்பவும் பூட்டைப் போடப் போனது. பூட்டு ஏற்கெனவே போட்டிருக்கிறது, யாராவது திறக்கட்டும் என்று காத்திருந்தது. திறக்கவேண்டியதும் அதுவேதான். மேசையில் வைத்திருக்கும்போது எப்போதும் சிக்னல் இருந்ததால் நினைவகம் குறையவில்லை, அந்த வழிக்குப் பெட்டி போகவே இல்லை. கடலில் வழக்கத்தைவிட மூன்று மணித்தியாலம் கூட நின்றதும் அந்த வழிக்குப் போயிற்று.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் உடனே அறிக்கை எழுதினேன். 'புதிதாகச் சேர்ந்த பொறியியலாளர் பெயரில் உள்ள இரண்டு அண்டர்ஸ்கோர்களைக் கவனிக்கத் தவறியதால்' என்று எழுதினேன். அந்த வசனத்தை எழுதும்போது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. அதைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டவள் நான் என்பதைக் கடைசியில் ஒரு வரியாகச் சேர்த்தேன். கொழும்புக்கு அனுப்பிவிட்டு, சாப்பிடும்போது அக்காவிடம் பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

நான் சொல்வதற்கு முன் அக்கா அதைக் கேட்டுவிட்டார். அறிக்கை எல்லோருக்கும்தானே போகும். ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் விட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"பிள்ளை, இதில அண்டர்ஸ்கோர் எண்டு எழுதியிருக்கிறீங்கள். எந்த அண்டர்ஸ்கோர்?"

"பெயருக்கு முன்னால இருக்கிறது அக்கா. ரெண்டு."

"முன்னால ரெண்டு இருக்கோ?"

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் விளக்கினார். கோவையில் ஒவ்வொரு பெயருக்கு நடுவிலும் கீழ்க்கோடு வரும். எல்லாவற்றையும் வாசிக்கவிட்டால் ஒரு வரிக்குப் பத்துத் தடவை 'அண்டர்ஸ்கோர், அண்டர்ஸ்கோர்' என்று காதில் அடிக்கும். அதனால் கோடுகளை வாசிக்காமல் விடும்படி வைத்திருக்கிறார். அவருக்கு அந்த இரண்டு பெயரும் ஒன்றுதான். எந்த வித்தியாசமும் இல்லை.

"இப்பிடி ஒரு விதி இருக்கெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே. எங்க எழுதியிருக்கு?"

நான் சுவரைப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் என் தாள் பளபளத்துக்கொண்டிருந்தது. அக்கா தினமும் காலையும் பின்னேரமும் அதை உரசிக்கொண்டு போய்வந்தார்.

"சுவரில," என்றேன். "சுவரில ஒட்டியிருக்கு அக்கா."

அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது. "சரி," என்றார், "இப்ப வாசியுங்கோ."

நான் எழும்பித் தாளைக் கழற்றிக்கொண்டு வந்து, அவருக்குப் பக்கத்தில் இருந்து, முதல் விதியிலிருந்து கடைசி விதி வரை வாசித்தேன். நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டார். 'புட்' என்றால் வைப்பதுதானே, ஏன் விடுவதற்கு அந்தப் பெயர் என்று கேட்டார். பலர் ஒரே பக்கத்தைப் பிடித்திருக்கலாம், ஒருவர் பிடியை விட்டாலும் மற்றவர்கள் பிடித்திருக்கும்வரை பக்கம் போகாது, கடைசி ஆள் விட்டால்தான் போகும் என்று சொன்னேன். "அது எனக்குத் தெரியும். பெயர்தான் சரியில்லை" என்றார். வாசித்து முடிக்க அரை மணித்தியாலம் ஆனது. முடித்ததும் நான் அறிக்கையை மாற்றி எழுதினேன். விதி அவருக்குச் சொல்லப்படவே இல்லை என்றும், சொல்லியிருக்க வேண்டியவள் நான் என்றும் எழுதி, திரும்பவும் எல்லோருக்கும் அனுப்பினேன். அக்கா அதையும் கேட்டார். சாப்பிடும்போது தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த இறால் பொரியலில் பாதியை என் பக்கம் தள்ளினார்.

அன்று பின்னேரம் நான் அவருடைய ஹெட்போனைத் திரும்பவும் கேட்டு வாங்கினேன். இந்த முறை வேகத்தை நன்றாகக் குறைக்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, நான் எழுதிய கோவையையே கேட்டேன். நான் பெருமையாக நினைத்திருந்த சின்னச் சின்னப் பெயர்கள் எல்லாம் தொண்டை செருமுவதுபோல வந்து விழுந்தன. 'பிஜி', 'பிஎஃப்', 'பிபி'. எது பக்கம், எது பட்டியல் என்று எழுதிய எனக்கே தெரியவில்லை. ஒரு பக்கம் தாண்டுவதற்குள் தலையிடி வந்துவிட்டது.

"இதையோ நீங்கள் நாள் முழுக்கக் கேக்கிறீங்கள்?"

"உங்கட கோவை பரவாயில்லை. கொழும்பில இருந்து வாறதைக் கேட்டுப் பாருங்கோ."

நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு யோசனை எழுதினோம். முன்னால் கோடு போடுவதை விட்டுவிட்டு, பூட்டு ஏற்கெனவே இருக்கவேண்டிய செயல்களின் பெயருக்குக் கடைசியில் 'லொக்ட்', அதாவது பூட்டியது, என்று முழுச் சொல்லாகவே வைப்பது. சுருக்கப் பெயர்களை வாயால் சொல்லக்கூடிய பெயர்களாக விரிப்பது. கொழும்பிலிருந்து எங்கள் பொறுப்பாளர் அழைப்பில் வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் விருப்பமில்லை.

"உலகம் முழுக்க இப்பிடித்தானே எழுதுகினம். நாங்கள் மட்டும் மாத்தினால் புதுசா வாற ஆக்களுக்குக் குழப்பமா இருக்கும்."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார்.

"சேர், ஒரு கேள்வி. எங்கட கோவையில ஒரு தாளைத் தந்தால், எந்தப் பெயருக்கு முன்னால கோடு இருக்கு, எதுக்கு இல்லை எண்டு நீங்கள் பாத்த உடன சொல்லுவீங்களோ?"

"அது... கொஞ்சம் உத்துப் பாக்கவேணும்."

"நான் விட்டது எனக்குக் கேக்காததால. கண் நல்லாத் தெரியிற பிள்ளை ஏன் விட்டவ? அவவுக்கும் அது தெரியேல்லை. பாக்கிறவைக்கும் தெரியாமல் கேக்கிறவைக்கும் தெரியாமல் இருக்கிற ஒண்டை ஏன் சேர் அதுக்கு அடையாளமா வைக்கவேணும்?"

என்னைக் காட்டிக்கொடுத்தார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் சொன்னது உண்மை. நான் அந்த வரியைப் பார்த்தேன், பார்த்தும் விட்டேன்.

பொறுப்பாளர் நினைவகப் பகுதிக்கு மட்டும் சம்மதித்தார். சுருக்கப் பெயர்களில் பாதியை மாற்றவேண்டாம் என்றார். மற்றப் பகுதிகள் இன்றைக்கும் பழையபடிதான் இருக்கின்றன. அதற்கு மேல் நாங்கள் சண்டை பிடிக்கவில்லை.

பெயர்களை மாற்ற மூன்று கிழமைக்கு மேல் போனது. இயந்திரத்தால் மாற்றக்கூடியதுதான், ஆனால் ஒவ்வொரு இடமாக நின்று பார்க்கவேண்டியிருந்தது. நான் ஒரு பெயரைச் சொல்வேன். அக்கா தனக்குள் மெல்லச் சொல்லிப் பார்ப்பார். சரியென்றால் தலையாட்டுவார். சரியில்லையென்றால் மூக்கைச் சுளிப்பார். ஒரு பெயருக்காக ஒரு மதியம் முழுக்கத் தர்க்கம் செய்து, இருவருக்கும் பிடிக்காத பெயரையே கடைசியில் வைத்தோம். அப்படிப் பார்த்துக்கொண்டு போகும்போது, கோடு மாறிப்போன இன்னும் இரண்டு இடங்கள் அகப்பட்டன. இரண்டும் அக்கா வருவதற்கு முன் நான் எழுதியவை.

இப்போது நினைவகப் பகுதிக்கு அக்காதான் பொறுப்பு. நான் வேறு பகுதிக்கு மாறிவிட்டேன். தம்பி புதிய போன் வாங்கிவிட்டார். பெட்டியும் அவருடைய படகில்தான் இன்னும் இருக்கிறது.

சென்ற மாதம் அரிப்பில் கோயில் திருநாளுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பூசை முடிந்து வீட்டுக்குப் போனோம். அக்காவின் அம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவள் என்ன வேலை செய்யிறாள் எண்டு உங்களுக்காவது விளங்குமோ பிள்ளை? எனக்குச் சொல்லுறாள், தலையாட்டுறன். ஒண்டும் விளங்கிறேல்லை."

நான் பக்கம், பூட்டு, பெயர் என்று ஏதோ சொல்லிப் பார்த்தேன். அவர் எனக்கும் அதேபோலத் தலையாட்டினார்.

"சரி, நல்லாச் செய்யிறாளோ?"

"என்னைவிட நல்லாச் செய்வா அம்மா."

அம்மா குசினிக்குள் போய்ச் சோற்றுச் சட்டியோடு வந்து என் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டார். ஒரு பெரிய மீன் துண்டை வைத்தார். பிறகு இன்னொன்றை வைத்தார். முள்ளு நிறைந்த மீன். வயல்காரர் வீட்டில் வளர்ந்த எனக்கு அதை எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. மெல்லப் பிய்த்து, ஒரு வாய் வைத்து, முள்ளைத் தேடி நாக்கால் தடவிக்கொண்டிருந்தேன்.

"என்ன, சாப்பிடுற சத்தத்தைக் காணேல்லை?" என்றார் பக்கத்தில் இருந்த அக்கா.

"முள்ளு அக்கா."

"இஞ்ச தா கோப்பையை."

கையைக் கழுவிக்கொண்டு வந்து என் கோப்பையைத் தன் மடியில் வைத்தார். விரல் நுனியால் மீனை நடுவில் பிளந்து, நடுமுள்ளை ஒரே இழுவையில் எடுத்தார். பிறகு ஒவ்வொரு துண்டாகத் தடவித் தடவி, மயிர்போல இருந்த சின்ன முள்ளுகளையும் எடுத்துக் கோப்பையின் ஓரத்தில் வரிசையாக வைத்தார். தம்பி அதைப் பார்த்துச் சிரித்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் மிச்சமில்லை என்று நிச்சயமானதும், சோற்றை மீனோடு ஒதுக்கி என் பக்கம் நீட்டினார்.

"இனிப் பயமில்லாமல் சாப்பிடு," என்றார்.